கவுண்டருக்கு வெளியே நின்ற ஒரு நாள்

வளைகுடா நகரம் ஒன்றில் உள்ள நம் நாட்டுத் துணைத் தூதரகத்தில் இருபத்திரண்டு வருஷம் சான்றொப்பப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். மாற்றலில் வரும் அதிகாரிகள் மூன்று வருஷத்தில் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அங்கேயே அமர்த்தப்பட்ட ஊழியன் என்பதால் கவுண்டரோடு கவுண்டராக இருந்தேன். ஐம்பத்து நான்காவது வயதில் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினேன்.

சமீபத்தில் அந்தக் கவுண்டர் வேலையை வெளியே ஒரு சேவை மையத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி மட்டும் பழைய கட்டடத்தில் இருக்கிறார். விண்ணப்பம் வாங்குவது, சரிபார்ப்பது எல்லாம் மையத்தில். பதினோரு வருஷம் என் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஷைனி இப்போது அங்கே புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். நெய்யாற்றின்கரை மலையாளி. என்னோடு பேசிப் பேசி அவளுக்கும் ஒரு தமிழ் வந்துவிட்டது. போன வாரம் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்:

"ஸாரே, நம்ம காலத்துல எப்படிச் செஞ்சோம்னு ஒண்ணு எழுதித் தருமோ? லிஸ்ட் வேண்டா கேட்டோ. லிஸ்ட் இங்க செவுர் முழுக்க ஒட்டியிருக்கு. ஸார் லிஸ்ட்தான் அனுப்பும்னு எனக்கு நல்லா அறியும், அதான் முன்னாலயே சொல்றேன்."

அவள் சொன்னது சரி. லிஸ்ட்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியபோது லிஸ்ட்டுக்குள் அடங்காத ஒரு நாள் அகப்பட்டது. அதை எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஊரில் ஒரு காரியம் நடக்க வேண்டும், ஆளால் போக முடியாது. அப்போது ஊரில் இருக்கும் ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிறார். எல்லோரும் 'பவர்' என்று சொல்லும் அந்த அதிகாரப் பத்திரம்தான் எங்களிடம் வந்ததில் பாதிக்கு மேல். அசல் பாஸ்போர்ட், இரண்டு நகல், பாஸ்போர்ட்டோடு இரண்டு சாட்சிகள். முதல் பக்கத்தில் புகைப்படம், பாதிப் படத்திலும் பாதிக் காகிதத்திலும் விழுகிற மாதிரி குறுக்கே ஒரு கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கையெழுத்து. காலி இடம் எங்கே இருந்தாலும் நான் கோடு போட்டு அடைத்துவிடுவேன், பிற்பாடு யாரும் அங்கே ஒரு வரி சேர்க்க முடியாது. பதிவேட்டில் எண், வட்ட முத்திரை, கடைசியில் அதிகாரியின் ஒப்பம். 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்ற வரிக்குக் கீழே அவர் ஒப்பமிடுகிறார். பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான் சரிபார்த்து உள்ளே அனுப்பிய காகிதம் ஊரில் ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்ததாக ஒரு புகாரும் கிடையாது.

நம் ஆட்கள் செய்யும் தவறு எல்லாம் மரியாதையில் வருவது. அதிகாரியின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று வீட்டிலேயே நல்ல பேனாவால் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவருவார்கள். "ஸாருக்குச் சிரமம் வேண்டாம்னு முடிச்சே கொண்டாந்துட்டேன்" என்பார்கள். முன்னிலையில் போட வேண்டிய கையெழுத்து முன்பே விழுந்துவிட்டால் அது வெறும் காகிதம். கீழே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிப் புதிதாக அச்செடுத்து வரச் சொல்வேன்.

பதினான்காவது வருஷத்தில் மிருதுளா மேடம் வைஸ் கான்சலாக வந்தார். ஹிமாசலத்துக்காரர். கட்டையாக வெட்டிய நரைத் தலை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வந்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில், மலையாளத்தில், தெலுங்கில் எப்படிக் கேட்பது? ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அறையில் ஒரே முறைதான். சாட்சிகளும் கூட வந்தவர்களும் வெளியே நிற்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் நாற்காலியில். மேடம் பத்திரத்தைத் தம் பக்கம் இழுத்து, இடது உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைப்பார். ஒரு வரிகூடத் தெரியாது. பிறகு, "இந்தப் பேப்பர்ல என்ன இருக்கு?" பதில் வந்து, அதை நானோ ஷைனியோ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவார். சாட்சிகளை அப்போதுதான் உள்ளே அழைப்போம்.

முதல் மாதம் எனக்கு இது பிடிக்கவில்லை. வரிசை நீண்டது. வெளியே வெயிலில் நின்றவர்கள் திட்டினார்கள். மேடம் உள்ளே இருந்ததால் திட்டு என் கவுண்டருக்கு வந்தது. பதில்களும் ஒரு தினுசாக வந்தன. போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கட்டட வேலையில் இருந்த ஒருவர், மேடத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது தெரிஞ்சா நான் ஏம்மா இம்புட்டுத் தூரம் டாக்சி புடிச்சு வாரேன்? தெரிஞ்ச நீங்கதானே சொல்லணும்?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். மேடம் சிரிக்கவில்லை. "அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், சப்பிரமணி" என்றார். என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். வாசித்தால், மகளைக் கல்லூரியில் சேர்க்க மச்சானுக்கு எழுதிய அதிகாரம் என்று அவர் கொண்டுவந்த தாளில், யாரோ ஒருவருடைய மாருதி காரை விற்க யாரோ ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரன் இவர் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மேலே அடித்துவிட்டு, கீழே அடுத்த ஆளின் விஷயத்தைச் சேர்த்துவிட்டான். அதில் தம் புகைப்படத்தை ஒட்டி, இரண்டு சாட்சிகளையும் அழைத்து வந்திருந்தார். நானும் கவுண்டரில் பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்தேன், பக்கங்களை எண்ணினேன், காலி இடங்களை அடைத்தேன். கார் என் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து மேடத்தின் கேள்வியைப் பற்றி நான் முணுமுணுக்கவில்லை. வருகிறவர்களை வரிசையில் நிற்கும்போதே தயார் செய்தேன். "உள்ள போனா கேப்பாங்க, வாசிச்சு வெச்சுக்குங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னவன்தான் நான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

எங்கள் வீடு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் சேர்ந்த நீளமான வீடு. அப்பா காலமான பிறகு அண்ணா பெயரிலும் என் பெயரிலும் சரிபாதி. அண்ணா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பொதுப்பணித் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாவும் மன்னியும் அந்த வீட்டில் இருந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் பின்கட்டு அறையை எனக்கென்று எடுத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவது என்று வைத்திருந்தேன். கட்டம் போட்ட தாளில் அளவோடு படம் வரைந்து அண்ணாவுக்கு அனுப்பியிருந்தேன். அலமாரி எந்தச் சுவரில், மின்விசிறி சுவிட்ச் எந்த உயரத்தில் என்பது வரை அதில் இருந்தது.

அந்தச் சமயத்தில் அண்ணா போன் செய்தார். "வீட்டுக் காரியத்துக்கு உன் பவர் வேணும்டா மணி. வஞ்சியூர்ல பத்திரம் எழுதறவர் கிட்ட எழுதி வாங்கி அனுப்பியிருக்கேன். எல்லாம் அதுல இருக்கு. நன்னா வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. வாசிச்சுட்டுப் போடு, கேட்டியா."

பத்திரம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு பக்கம். கூரை மாற்றவும், என் அறையைக் கட்டவும் கார்ப்பரேஷனில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அளவும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று பார்த்தேன். மற்றதை வாசிக்கவில்லை. அண்ணா அனுப்பிய காகிதத்தை வரி வரியாக வாசிப்பது அவரைச் சோதிப்பது போல எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

"உங்கள் முன்னாலேயே போடுகிறேன், மேடம், இப்போதே முடித்துவிடலாம்" என்று பத்திரத்தை நீட்டினேன். மேடம் கையில் வாங்கவில்லை. "கவுண்டருக்கு இரண்டு பக்கத்திலும் நீங்களே இருக்க முடியாது. அரை நாள் லீவு எழுதிக் கொடுங்கள். டோக்கன் எடுத்துக்கொண்டு வாருங்கள்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. டோக்கன் முப்பத்தொன்று. என் இடத்தில் ஷைனி உட்கார்ந்திருந்தாள். காகிதங்களை வாங்கிப் புரட்டினாள். முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"பாஸ்போர்ட் காப்பி ஒண்ணுதானே இருக்கு? ரெண்டு வேணும்."

"ரெண்டு வெச்சேனே."

"இல்லல்லோ. அதோ அந்த போர்டைப் பாரும் ஸாரே. ரெண்டு காப்பின்னு பெரிசா எழுதியிருக்கு. எழுதினது ஆரு? ஸார்தானே? கீழ ஜெராக்ஸ் கடை உண்டு, போய்ட்டு வாரும். டோக்கன் போச்சுன்னா புதுசு எடுக்கணும் கேட்டோ."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கிப் போய் நகல் எடுத்து வந்தேன். என் முறை வந்தபோது பதினொன்று இருபது. சாட்சிகளாக வந்த டிரைவரும் கேன்டீன்காரரும் வெளியே நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடம் பத்திரத்தைத் தம் பக்கம் இழுத்தார். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தார்.

"இந்தப் பேப்பர்ல என்ன இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்தை அவருக்கு எழுதிக் கொடுத்ததே நான். "வீட்டைப் பழுது பார்க்க, வரி கட்ட, கார்ப்பரேஷனில் என் சார்பாகக் கையெழுத்துப் போட அண்ணாவுக்கு அதிகாரம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மூன்றாம் பக்கத்தில்?"

"அதன் தொடர்ச்சிதான்."

மேடம் கையை எடுக்கவில்லை. பேனா மூடியும் கழறவில்லை. "நீங்கள் இதை வாசிக்கவில்லை" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. காகிதத்தில் தேதி இல்லை என்று சொல்கிற குரல். "வெளியே போய் வாசியுங்கள். அடுத்தவரை வரச் சொல்லுங்கள்."

நடைபாதையில் தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். மூன்றாம் பக்கம், ஒன்பதாவது பிரிவு. மேற்படி வீட்டில் எனக்குள்ள பாகத்தை அவர் சரியென்று கருதும் நபருக்கு விற்கவும், பத்திரம் பதியவும், வீட்டின் சாவியை ஒப்படைக்கவும் அண்ணாவுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறேன்.

இருபத்தைந்து நிமிஷம் அங்கேயே நின்றேன். என் நாட்குறிப்பில் நேரம் இருக்கிறது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அண்ணா என்னை ஏமாற்றப் பார்த்தார் என்றுதான் நினைத்தேன். இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

பிறகு போன் செய்தேன். ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம்.

"என்னடா, இந்த நேரத்துல? ஆபீஸ் இல்லையா?"

"அண்ணா, மூணாவது பக்கத்துல வீட்டை விக்கறதுக்கு அதிகாரம்னு போட்டிருக்கே."

"ஆமாம். நான்தான் போடச் சொன்னேன்."

மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தேன். "என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

"எழுதியே அனுப்பியிருக்கேனேடா. வாசிச்சுட்டுப் போடுன்னு ரெண்டு தரம் சொன்னேனே."

"நீ அனுப்பிச்சதை நான் வாசிச்சுப் பார்க்கறதாவது?"



"ஊர்ல இருக்கறவா பேப்பரையெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுண்டு பார்க்கறவன், சொந்த ஆத்துப் பேப்பரை வாசிக்கலையா? அசடே! நீ எழுத்தெழுத்தா வாசிப்பேங்கற தைரியத்துலதான் நான் வாயைத் தொறக்காம இருந்தேன். கையெழுத்துப் போட்டு வந்தா உனக்குச் சம்மதம். வரலைன்னா சம்மதமில்லை. நானும் கேக்க வேண்டாம், நீயும் மாட்டேன்னு அண்ணா மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அப்படி நெனச்சேன்."

"எதுக்கு விக்கணும், அண்ணா?"

அப்போதுதான் மன்னியைப் பற்றிச் சொன்னார். மன்னிக்கு ஒரு பக்கம் வாதம் வந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரியும். "தேவலை, நடக்கறா" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வார். மன்னி நடக்கவே இல்லை. சக்கர நாற்காலிதான். எங்கள் வீட்டில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு படி உண்டு. குளியலறை முற்றம் தாண்டிப் பின்னால்.

"கூடத்துலேர்ந்து குளிக்கற ரூமுக்கு அஞ்சு படியாக்கும். ஒவ்வொண்ணுலயும் நாற்காலியோட தூக்கணும். போன மாசம் மூணாவது படியில ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அடி ஒண்ணும் இல்லை. ஆனா மறுநாள்லேர்ந்து அவள் தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டா. குடிச்சாத்தானே பின்னால போகணும்னு."

கையில் இருந்த பத்திரத்தை மடித்தேன்.

"லிஃப்ட் இருக்கற ஃப்ளாட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நீயானா ரூமுக்கு டைல்ஸ் என்ன கலர்னு கேட்டு மெஸேஜ் அனுப்பிண்டிருக்கே. உன் கிட்ட எப்படிடா நான் சொல்றது?"

மேடம் கேட்காமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். நான் வாசித்துச் சம்மதித்ததாக அண்ணா நினைத்து, நிம்மதியாக வீட்டை விற்றிருப்பார். விற்ற செய்தி என் காதில் விழும் நாளில் நான் அவரைத் திருடன் என்று முடிவு கட்டியிருப்பேன். ஆயுள் முழுக்க இருவரும் அவரவர் பக்கம் நியாயம் என்று உட்கார்ந்திருப்போம். சட்டப்படி அந்தப் பத்திரத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது.

உடனே சரி என்று நான் சொல்லிவிடவில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். படிகளைச் சாய்தளமாக்கலாமா, முன்னறையிலேயே குளியலறை கட்டலாமா என்று வீட்டின் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். முன்னறையின் அகலத்தில் சக்கர நாற்காலி திரும்பாது. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரருக்கும் சொந்தம்; கை வைக்க முடியாது. அளவு என்பது அளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் என் அறைப் படத்தை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்துவிட்டு, புதிய பத்திரத்தை நானே தட்டச்சு செய்தேன். பழுது பார்ப்பது, கார்ப்பரேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். விற்பதை முதல் பிரிவாகப் போட்டேன். கடைசியில் நானாக ஒரு பிரிவு சேர்த்தேன்.

அடுத்த வாரம் மறுபடி அரை நாள் லீவு, மறுபடி டோக்கன். இந்தத் தடவை நகல் மூன்று கொண்டுபோனேன். "ஓ, ஒண்ணு எனக்காயிருக்கும்" என்றாள் ஷைனி.

மேடம் கை வைத்தார். கேட்டார்.

"எங்கள் அப்பா கட்டிய வீட்டை விற்க அண்ணாவுக்கு அதிகாரம் கொடுக்கிறேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கடைசிப் பிரிவு நான் எழுதியது" என்று அதையும் சொன்னேன்.

மேடம் கையை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவ்வளவு யோசிக்கிறார்கள்" என்றார். எல்லாப் பக்கத்திலும், படத்தின் குறுக்கேயும் போட்டேன். முத்திரை வைப்பது என் வேலை. அன்று ஷைனி வைத்தாள். கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஷைனி, உன் மையத்துக்கு நான் எழுத நினைத்தது இவ்வளவுதான். அதிகாரி இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறார், அவர் முன் ஓர் ஆளுக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம் என்று சொல்கிறாய். அப்படியானால் அந்தக் கேள்வியை உங்கள் கவுண்டரில் கேளுங்கள். கையைக் காகிதத்தின் மேல் வைத்துக் கேளுங்கள். படித்தவர், பெரிய வேலையில் இருப்பவர், பத்திரம் எழுதுவதே தொழிலாகக் கொண்டவர் என்று யாரையும் விட்டுவிட வேண்டாம். சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுக்கிறவரிடம் இரண்டு தடவை கேளுங்கள். வரிசை நீளும். திட்டுவார்கள். திட்டு வாங்கத்தான் கவுண்டரில் கண்ணாடி போட்டிருக்கிறது.

பத்திரம் கூரியரில் போய்ச் சேர்ந்த அன்று அண்ணா கூப்பிட்டார்.

"மணி, வந்துடுத்து. நானும் கண்ணாடியைப் போட்டுண்டு முதல் வரிலேர்ந்து வாசிச்சேன். கடைசியில என்னமோ வாங்கறதுக்கு அதிகாரம்னு எழுதியிருக்கியே?"

"எனக்கும் ஒரு ஃப்ளாட், அண்ணா. நீங்க பார்த்து வெச்சிருக்கற அதே கட்டடத்துல. என் பாகத்துல வர்றதைப் போட்டு, என் பேர்ல நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிடலாம். அதுக்குத்தான்."

அண்ணா அதை மன்னியிடம் திருப்பிச் சொன்னார். பின்னாலிருந்து மன்னியின் குரல் கேட்டது. வாதம் வந்த பிறகு அவர் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன. "அவனுக்கு எந்த மாடின்னு கேளுங்கோ. ஒசக்க எங்கயாவது வாங்கிண்டான்னா, கரண்ட் போய் லிஃப்ட் நின்னா அவனுக்கு யாரு சாப்பாடு கொண்டுபோறது?"

"எந்த மாடிடா?" என்றார் அண்ணா.

"உங்க மாடியேதான். எதிர் வாசல்."

"அதை இதுல எழுதலையே நீ."

"எழுதலை, அண்ணா. அதை வாயாலயே சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."